செக்ரோல் மென்பொருளும் பத்தாம் திகதியும்

தோட்டச் சம்பளக் கணக்கு மென்பொருளில் ஒரு வரியைத் திருத்துவது அரை மணி நேர வேலை. அந்தத் திருத்தம் மற்றவர்களுடைய திருத்தங்களோடு மோதாமல் ஒன்றுசேர வேண்டும். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 10ஆம் திகதிச் சம்பளம் முடிந்த பிறகு, அந்த மாதக் கணக்கு மூடுவதற்கு முன்னால் கிடைக்கும் சில நாட்களுக்குள் ஒவ்வொரு தோட்ட அலுவலகத்துக்கும் அது போய்ச் சேரவும் வேண்டும். தொழிலின் முக்கால்வாசி இதுதான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்கு இந்த மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் கற்றதில் பெரும்பகுதியும் இந்த முக்கால்வாசியைப் பற்றியதே.

செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டுக்குள் இருப்பவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும். காலையில் வேலைக்கு வந்தவர்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் போடுகிறார்கள், ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறுக்கும்போது கிலோ பதிகிறார்கள். நாளுக்குப் பறிக்க வேண்டிய அளவான நோர்முக்குக் குறைந்தால் அரைப் பேர், கூடினால் கூடுதல் கிலோவுக்குக் காசு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், கம்பனியிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி தரும் 3 சதவீதம் வேறு. சங்கச் சந்தாவும் தீபாவளி முற்பணத்தின் தவணையும் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் கையில் வரும் காசு. ஒரு மாதத்தில் முந்நூறு ரூபாய் குறைந்தாலும் அந்த வீட்டில் அது தெரியும். இந்த மென்பொருளின் வெளியீட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது அந்த முந்நூறு ரூபாயை.

இரத்தினபுரி மாவட்டத்தில் றக்வானப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஹற்றன், நுவரெலியா பக்கம் பெரும்பாலும் தேயிலைதான். இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவவில் ஒரே தோட்டத்தில் மேல் பிரிவில் தேயிலையும் கீழ்ப் பிரிவில் இறப்பரும் நிற்கும். பால் வெட்டுகிறவரின் கணக்கு லீற்றரில் தொடங்கி, மெட்ரோலக் கருவி காட்டும் அளவின்படி உலர் இறப்பர் கிலோவாக மாறி, அதன் பிறகுதான் சம்பளமாகும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்றைக்கு அதே ஆளைப் புல் வெட்டப் போட்டுப் பேர் கொடுப்பார்கள். தேயிலையை மட்டும் மனதில் வைத்து எழுதிய திருத்தம் மலைநாட்டில் சரியாக ஓடி, றக்வானவில் தடுக்கி விழுந்ததற்குக் காரணம் எப்போதும் இந்த இடத்தில்தான் கிடைத்தது.

1992இல் அரசின் கையிலிருந்த தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. கொழும்புத் தலைமை அலுவலகங்கள் மாதக் கணக்கை ஒரே வடிவத்தில் கேட்கத் தொடங்கின. தோட்ட அலுவலகங்களுக்குக் கொம்பியூட்டர் வந்தது. அந்தக் காலத்தில் வெளியீடு என்றால் ஓர் ஆள் பிளொப்பி டிஸ்க்கோடு பஸ் ஏறிப் போவதுதான். பெல்மதுளையில் இறங்கி, றக்வானப் பாதையில் வேறு பஸ் பிடித்து, அங்கிருந்து தோட்டத்து லொறியில் ஏறி அலுவலகத்துக்குப் போவார். பெரிய கிளாக்கர் சொல்லும் குறையை அங்கேயே உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டு வருவார். ஒப்புதலும் அங்கேயே கிடைத்துவிடும். பெரிய கிளாக்கர் பத்து ஆட்களின் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பார். சரியாக வந்தால் தலையாட்டுவார்.

அந்த முறைக்கு இருந்த பலம் பின்னாளில் பலருக்கு மறந்துபோனது. கணக்குத் தெரிந்தவரே ஒப்புதல் கொடுத்தார், அதுவும் தன் கண்ணால் பார்த்த பிறகு கொடுத்தார். ஆனால் தோட்டத்திலேயே திருத்திய கோட் கொழும்புக்குத் திரும்பி வராமலே போய்விடும். இரண்டு வருடத்தில் இருபது தோட்டங்களில் இருபது விதமான மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. கணினிகளின் 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக எல்லாத் தோட்டங்களிலும் என்ன ஓடுகிறது என்று 1999இல் பட்டியல் எடுத்தபோதுதான் பல இடங்களில் இது வெளியே தெரிந்தது. எந்தப் பிரதி மூலப் பிரதி என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு கோட்டை ஒரே இடத்தில் வைக்கும் பழக்கம் வந்தது. அதற்கான கருவியாக முதலில் சீவீஎஸ் வந்தது, பிறகு 2004இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த சப்வேர்ஷன். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அதோடு சேர்ந்து புதிய பழக்கம் ஒன்றும் வந்தது: வாடிக்கையாளருக்கு ஒரு கிளை. மலைநாட்டுக் கம்பனிகளுக்கு ஒரு பிராஞ்ச், தாழ்நாட்டுக்கு இன்னொன்று. இறப்பர் கணக்கை ஒருவர் தாழ்நாட்டுக் கிளையில் திருத்துவார். கூடுதல் கிலோவை முழு எண்ணாக்கும் விதத்தை இன்னொருவர் மலைநாட்டுக் கிளையில் மாற்றுவார். அன்றைக்கு இருவருக்கும் வேலை சீக்கிரம் முடியும். எட்டு மாதம் கழித்து இரண்டையும் ஒன்றுசேர்க்க, அதாவது மேர்ஜ் பண்ண, உட்காரும்போது இரண்டு திருத்தங்களும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கும்.

இதில் கிடைத்த பாடம் மென்பொருள்காரர் எல்லோருக்கும் பொதுவானது. மேர்ஜ் பண்ணும் கருவி எழுத்தைத்தான் பார்க்கும், கணக்கின் அர்த்தத்தைப் பார்க்காது. இரண்டு திருத்தமும் வெவ்வேறு வரியில் இருந்தால் கருவி ஒன்றும் சொல்லாது. தேயிலைக்காகப் போட்ட ‘தசமத்தை விட்டுவிடு’ என்ற விதி இறப்பருக்கும் பாயும். பால் வெட்டுகிறவரின் உலர் எடையில் தசமத்துக்குப் பின்னால் இருப்பதுதான் காசு. நாளுக்கு அரைக் கிலோ வீதம் மாதம் முழுவதும் விட்டுப்போனால் அவருக்கு அது சின்ன நட்டமல்ல. ‘மேர்ஜ் கொன்ஃப்ளிக்ட் வரவில்லை’ என்ற வாக்கியத்தைக் கேட்டு நிம்மதி அடையும் பழக்கத்தை அனுபவசாலிகள் இந்த இடத்தில் விட்டார்கள்.

பரிகாரம் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருந்தது. தொடர் ஒருங்கிணைப்பைப் பற்றி மார்ட்டின் ஃபௌலர் 2000இலேயே எழுதியிருந்தார்: ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு தடவையாவது தன் வேலையைப் பொது மரத்தில் சேர்க்க வேண்டும், சேர்த்த உடனே இயந்திரம் கட்டிச் சோதிக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய கிட் என்ற கருவி பரவிய பிறகு கிளை போடுவதும் சேர்ப்பதும் மலிவாகின. தாழ்நாட்டுக் கிளை, மலைநாட்டுக் கிளை என்ற பிரிவு ஒழிந்து ஒரே மரமானது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபவை கோட்டை விட்டு அமைப்புகளுக்குப் போயின. அதற்கு எடுத்த காலம் கருவியைக் கற்கப் போனதைவிட, எது பொது விதி, எது தோட்டத்து வழக்கம் என்று கிளாக்கர்மாரிடம் கேட்டுப் பிரிக்கத்தான் அதிகம் போனது.

தோட்டச் சம்பள மென்பொருளின் உண்மையான பரீட்சை சம்பள உயர்வின்போது வரும். திகதியை மென்பொருள்காரர் வைப்பதில்லை. பெறுமதி சேர் வரியான வெட் மாறும்போது கொழும்புக் கடைகளின் பில் மென்பொருள்காரருக்கும் இதே கதிதான். 2022 ஜூனில் 12 சதவீதம், செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று அவர்கள் திகதிகளைத் துரத்தினார்கள். ஆனால் வரியில் மாறுவது ஓர் எண். தோட்டச் சம்பளத்தில் எண்ணோடு சேர்ந்து அமைப்பே மாறும். 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாளுக்குரிய 730 ரூபாய் நான்கு துண்டுகளாக இருந்தது: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. வரவுப் படி மாதத்து வேலை நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்குத்தான். ஆகவே மாதம் முடியும்வரை அந்த 60ஐக் கணக்கிட முடியாது. 2019 ஜனவரியில் அந்த அமைப்பு 700 அடிப்படையும் 50 விலைப் பங்குமாகச் சுருங்கியது. இரண்டு துண்டுகள் மறைந்தன. 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் கூட்டு ஒப்பந்தத்தால் வராமல் சம்பள நிர்ணய சபையின் வழியாக வர்த்தமானியில் வந்தது: 900 நாட்சம்பளம், 100 நிவாரணப் படி. அதோடு நோர்ம் எத்தனை கிலோ என்ற தகராறு தோட்டத்துக்குத் தோட்டம் எழுந்தது.

2016இல் துண்டுகளின் பெயர்களைக் கோட்டுக்குள்ளேயே எழுதிவைத்தவர்கள் 2019இல் பாதியைக் கிழித்து எழுத வேண்டி வந்தது. அந்த அவதிக்குப் பிறகு சம்பளத்தின் துண்டுகள், ஒவ்வொன்றும் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை செல்லும், எதற்குச் சேமலாப நிதி கழியும், எதற்கு நிபந்தனை உண்டு என்பவையெல்லாம் அட்டவணையாகின. இனிச் சம்பளம் கூடினால் புதிய மென்பொருள் தேவையில்லை, அட்டவணையில் ஒரு வரி போதும் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் அட்டவணை கோட் இல்லை என்பதால் அது மேர்ஜுக்கும் போகாது, சோதனைக்கும் போகாது, யாருடைய கையெழுத்துக்கும் போகாது. ஆபத்து ஒழியவில்லை, காவல் இல்லாத வாசலுக்கு இடம் மாறியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான தரவுக் கோப்பு உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதும் இந்த வகைதான். நிரலின் புதிய பதிப்பு படிப்படியாகப் போகும். அந்தத் தரவுக் கோப்போ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. சம்பள அட்டவணையையும் கிட்டுக்குள் வைத்து, கோட்டைப் போலவே இரண்டாவது கண் பார்த்த பிறகு விட வேண்டும் என்ற விதி இல்லாத இடத்தில் அட்டவணை முறை பாதி வேலைதான்.

2024இல் இன்னொரு பாடமும் வந்தது. ஏப்ரல் 30 அன்று 1,350 ரூபாய் நாட்சம்பளம், 350 ரூபாய் படி, ஆக 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,350 மறுபடி வந்தது. நான்கு மாத காலம், தயாரான திருத்தம் ஒன்று செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் நின்றது. அதைத் தனிக் கிளையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் இடையில் சேரும் மற்றத் திருத்தங்களோடு அது மோதும், பழைய கதை திரும்பும். கோட்டைப் பொது மரத்தில் சேர்த்து, சோதித்து, தோட்டம்வரை கொண்டுபோய் வைத்து, சுவிட்சை மட்டும் அணைத்து வைப்பதே சரியான வழி. தீர்ப்பு வந்த அன்று சுவிட்சைப் போடலாம். இதனால் ‘கோட் போய்விட்டது’, ‘நடைமுறைக்கு வந்துவிட்டது’ என்ற இரண்டும் தனித்தனி முடிவுகளாகின்றன. முதலாவதற்கு மென்பொருள்காரர் பொறுப்பு. இரண்டாவதற்குக் கம்பனியின் சம்பளப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும்.

கையெழுத்து என்ற விஷயத்தில்தான் இந்தத் துறை அதிகம் தடுமாறியிருக்கிறது. பின்னாளில் தகவல் தொழில்நுட்பச் சேவை நிர்வாகத்துக்கான ஐடில் முறையும் மாற்ற ஒப்புதல் குழுக்களும் கொழும்பு நிறுவனங்களுக்குள் பரவின. வாரத்தில் ஒரு நாள் குழு கூடும். பத்துப் பன்னிரண்டு மாற்றப் படிவங்கள் மேசைக்கு வரும். தகவல் தொழில்நுட்பத் தலைவர், நிதி, உள்ளகக் கணக்காய்வு என்றெல்லாம் ஐந்து கையெழுத்துகள் விழும். ஐந்து பேரில் ஒருவர்கூடச் செக்ரோலைத் திறந்து பார்த்திருக்கமாட்டார். கையெழுத்துகள் கூடக்கூட ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்புவார். வெளிக்குழு ஒப்புதல் வெளியீட்டைத் தாமதமாக்குகிறது, பழுதாகும் வெளியீடுகளின் அளவைக் குறைப்பதில்லை என்று நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் ஜெஸ் ஹம்பிளும் ஜீன் கிம்மும் 2018இல் தங்கள் ஆய்வு நூலில் காட்டினார்கள். தோட்டச் சம்பள வேலை செய்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை.

ஒப்புதலே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் இலங்கையிலேயே உண்டு. 2003இல் தொடங்கிய லங்கா சொப்ட்வெயார் ஃபௌண்டேஷனைச் சுற்றி வளர்ந்த இளம் பொறியியலாளர்கள் திறந்த மூல மென்பொருளுக்கான அப்பாச்சி அறக்கட்டளையின் அக்சிஸ்2 திட்டத்தில் முன்னணியில் நின்றார்கள். அதன் 1.0 பதிப்பு 2006இல் வந்தது. அப்பாச்சியில் ஒரு பதிப்பு வெளியாக வேண்டுமானால் திட்டக் குழுவில் குறைந்தது மூன்று பேர் ஆதரவு வாக்குப் போட வேண்டும், எதிர்த்தவர்களைவிட ஆதரித்தவர்கள் கூட இருக்க வேண்டும். வாக்கெடுப்பு வழக்கமாக 72 மணி நேரம் திறந்திருக்கும். முக்கியமானது இதற்கு அடுத்த விதி. ஆதரவு வாக்குப் போடுகிறவர் கையொப்பமிட்ட மூலக் கோட்டைத் தன் கணினிக்கு இறக்கி, கட்டி, சோதித்துப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். கோட்டில் ஒரு மாற்றத்தைத் தொழில்நுட்பக் காரணம் காட்டி ஒருவர் தனியாக நின்று தடுக்கலாம். வெளியீட்டை அப்படித் தடுக்க முடியாது. கோட் சேரும் வாசலில் கடுமை, வெளியீட்டு வாசலில் சோதித்தவரின் வாக்கு. அந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்கள் பிறகு வேறு நிறுவனங்களுக்குப் போனபோது இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள்.

செக்ரோலுக்கு அதே முறை இப்படி வந்து நின்றது. புதிய பதிப்பு முதலில் ஒரு தோட்டத்துக்குப் போகும், பழையதும் பக்கத்தில் ஓடும். தேயிலையும் இறப்பரும் இருக்கும் தோட்டமாகப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். இரண்டு செக்ரோலும் அச்சாகி வந்ததும் பெரிய கிளாக்கர் இரண்டையும் மேசையில் விரித்து, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாகச் சரி போட்டு வருவார். எல்லாரையும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய ஆட்கள் யார் என்பது அவருக்குத் தெரியும்: மாதத்தின் நடுவில் பிரசவ விடுமுறைக்குப் போனவர், பாதி நாள் கொழுந்தும் பாதி நாள் பால் வெட்டுமாக இருந்தவர், ஞாயிறு வேலை செய்தவர், முற்பணம் கழித்தால் கைக்கு ஒன்றுமே வராதவர், அந்த மாதம் ஓய்வு பெற்றவர். இந்தப் பட்டியலைத் தலைமை அலுவலகத்தில் எந்தச் சோதனைக் குழுவும் தானாக எழுதியதில்லை. கிளாக்கர் சொன்ன ஆட்களைப் பெயர் நீக்கி இயந்திரச் சோதனைகளாக எழுதிவைத்த பிறகு, ஒவ்வொரு மேர்ஜிலும் அந்த ஆட்களின் கணக்கு தானாக ஓடிப் பார்க்கப்படுகிறது. இயந்திரம் பார்க்கக்கூடியதை இயந்திரத்திடம் விட்டதால் மனிதரின் கையெழுத்துக்கு மறுபடி பெறுமதி வந்தது. ஒரு வெளியீட்டுக்கு இன்று இரண்டு கையெழுத்துப் போதும்: கோட்டைப் படித்த இன்னொரு பொறியியலாளர், செக்ரோலைப் படித்த ஒரு கிளாக்கர்.

ஒரு தோட்டத்தில் தொடங்கிப் பிறகு பரப்புவது பெரிய இடங்களிலும் வழக்கம்தான். லண்டன் பங்குச் சந்தை 2009இல் இலங்கையின் மாலபேயிலிருந்த மிலேனியம் ஐடி என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்கி, அங்கே எழுதிய வர்த்தக மென்பொருளுக்கு மாறியபோது, 2010 ஒக்டோபரில் முதலில் டேர்க்கொய்ஸ் என்ற சிறிய சந்தையைத்தான் மாற்றியது. பிரதான சந்தை 2011 பெப்ரவரியில்தான் மாறியது. மறுபக்கத்தில் 2012 ஓகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் எட்டுச் சேர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோட்டைப் போட மறந்தது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டமாகப் போனது. எல்லாத் தோட்டத்திலும் ஒரே பதிப்புத்தான் ஓடுகிறதா என்று சம்பளம் போடுமுன் மென்பொருளே பார்த்து, பொருந்தாவிட்டால் கணக்கை மூட விடாமல் நிறுத்தும் ஏற்பாடு அந்தச் செய்திக்குப் பிறகு பல இடங்களுக்கு வந்தது.

றக்வானவுக்கென்று இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. மே, ஜூன் மழையில் மண்சரிவும் மின்தடையும் இணையத் தடையும் சேர்ந்து வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. எந்தத் தோட்டம் மின்வெட்டுக்கான எந்த எழுத்துக் குழுவில் வருகிறது என்ற அட்டவணையைப் பக்கத்தில் வைத்துத்தான் வெளியீட்டு நேரம் குறித்தார்கள். பாதியில் மின்சாரம் போனால் பழைய பதிப்பு அப்படியே நிற்க வேண்டும். ஆகவே புதியதை முழுதாக இறக்கி, கையொப்பம் சரிபார்த்து, கடைசி நொடியில் மட்டும் மாற்றும் முறை கட்டாயமானது. மாதத்தின் 1ஆம் திகதி முதல் சம்பளம் முடியும்வரை எந்த வெளியீடும் இல்லை. 11 முதல் 25 வரைதான் காலம். வர்த்தமானி அவசரம் வந்தாலும் இந்த வேலி தாண்டப்படுவதில்லை. அந்த மாதம் பழைய சம்பளத்தைப் போட்டு, வித்தியாசத்தை அடுத்த மாதம் நிலுவை என்று தனி வரியில் கொடுப்பதே எல்லோருக்கும் பாதுகாப்பு. எந்த நாட்களுக்கான நிலுவை என்பது சம்பளச் சீட்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாக வேண்டும்.

நிலுவை வரி இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். மென்பொருளைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம், கையில் கொடுத்த காசைத் திருப்ப முடியாது. கூடக் கொடுத்ததை அடுத்த மாதம் ஒரேயடியாகப் பிடித்தால் அந்த வீட்டுக்கு அரிசி வாங்க வழியிருக்காது. தவணையாகப் பிடிக்கும் வசதி ஒவ்வொரு பதிப்பிலும் இருந்தாக வேண்டும், அதற்குத் தனிச் சோதனையும் வேண்டும்.

வெளியீடு முடிந்த பிறகும் இரண்டு வேலைகள் மிஞ்சும், இரண்டையும் தள்ளிப்போடுவது வழக்கமாகிவிட்டது. முதலாவது, வேலை முடிந்த சுவிட்சுகளைக் கோட்டிலிருந்து எடுப்பது. நைட் கேப்பிட்டலை வீழ்த்தியதும் வருடக் கணக்கில் பாவிக்காமல் கிடந்த பழைய கோட்டும் மறுபடி பாவித்த பழைய சுவிட்சும்தான். இரண்டாவது, ஒவ்வொரு பதிப்பையும் அதன் சம்பள அட்டவணையோடும் ஓடுவதற்கு வேண்டிய கருவிகளோடும் பெயரிட்டுப் பாதுகாப்பது. ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் சேமலாப நிதியில் ஒரு வருடம் விடுபட்டிருக்கிறது என்று தொழில் திணைக்களத்துக்குப் போவது பதினைந்து வருடத்துக்குப் பிறகாகவும் இருக்கலாம். அன்றைக்கு அந்த மாதத்துச் செக்ரோலை, அந்த மாதத்து விதியின்படி, அந்த மாதத்துப் பதிப்பிலேயே ஓட்டி எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.